கண் பட்டுத் தழைத்த கல்லாமை

ஸ்யாமளா வயிறெரிந்து ஒரு தடவை பார்த்தால் மாங்கன்று ஒரு இலை விடும். விளாங்குடியில் இது இப்போது யாருக்கும் புதுச் செய்தி இல்லை. வாழ்த்திப் பார்த்தால் ஒன்றும் நடக்காது. பொறாமை கலப்படமில்லாமல் இருக்க வேண்டும். அந்த விஷயத்தில் ஸ்யாமளாவை யாரும் குறை சொல்ல முடியாது.

அவளும் அவள் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த எஸ்தர் டீச்சரும் ஒரே நாளில் ஆளுக்கொரு கல்லாமை ஒட்டு மாங்கன்று வாங்கி வந்தார்கள். எஸ்தர் பரவையில் சொந்த வீடு கட்டிக்கொண்டிருந்தாள். அவள் கன்று அங்கே போய் நடுவதற்கு, அதுவரை பையிலேயே இருக்கும். ஸ்யாமளாவுடையது வீட்டு வாசலுக்கு. பாசம் முற்றிப்போய் ஸ்யாமளா காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினாள். வேர் அழுகி, ஆடி பிறப்பதற்குள் கன்று குச்சியாகிவிட்டது. எஸ்தரோ மேல்மண் காய்ந்தால்தான் தண்ணீர் காட்டுவாள். ஒட்டுக்குக் கீழே முளைப்பதைக் கிள்ளிப் போடுவாள். வேர் பையைத் துளைத்துத் தரைக்குள் இறங்கிவிடக் கூடாதென்று பையை அடிக்கடி நகர்த்தி வைப்பாள், வேப்பமர நிழலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்குவாள். குடியிருக்கிறவளுக்குச் சொந்த வீடும் மாமரமும், வீட்டுக்காரிக்குக் காய்ந்த குச்சியா என்று ஸ்யாமளாவுக்கு வயிறு காந்தியது. கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக் கூடாது என்பார்கள். அந்தக் கண்ணடியைத்தான் அவள் தினமும் ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். பட்டுப்போ என்று பார்த்தாள். கன்று செம்பு நிறத்தில் துளிர்த்தது. துளிரைப் பார்த்து இன்னும் எரிந்தாள். பக்கக் கிளை விட்டது. அவள் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்த வாரம் ஒரு துளிர்கூட இல்லை. அறிவியல் டீச்சரான எஸ்தர் அதையும் கவனித்துக்கொண்டாள்.

ஐப்பசி மழை தொடங்கியதும் பையைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டி, காற்றில் இலை கிழியாமல் பழைய சேலையைப் போர்த்தி, குடிமாறும் எஸ்தரின் சாமான்களோடு லோடு ஆட்டோவில் ஏற்றினார்கள். ஸ்யாமளா வாசலில் நின்று பல்லைக் கடித்தாள். வண்டி தெருமுனை திரும்புவதற்குள் சேலையை விலக்கிக்கொண்டு புது இலை எட்டிப் பார்த்தது. ஆனால் பரவையில் நட்ட பிறகு கன்று தலை தொங்கிவிட்டது. கொத்தனார் புது வீட்டு முகப்பில் திருஷ்டி பொம்மை தொங்கவிட்டிருந்தார். ஊர்க் கண்ணாவது படட்டும் என்று எஸ்தர் அதை அவிழ்த்துப் பார்த்தாள், போதவில்லை. வீடியோ காலில் ஸ்யாமளாவுக்குக் கன்றைக் காட்டினாள், ஒரே ஒரு இலை மட்டும் நிமிர்ந்தது. கடைசியில் நேரிலேயே வந்து உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

"அக்கா, ஒங்க வயித்தெரிச்சல்லதான் அது வளந்துச்சு. வாரத்துக்கு ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க. இல்லாட்டி பட்டுப்போயிரும்."

ஸ்யாமளாவுக்கு அப்படியொரு சந்தோஷம் அதுவரை வந்ததில்லை. கண்ணால் சாகடிக்க முடியாத கன்றைச் சும்மா வீட்டில் உட்கார்ந்தே சாகடித்துவிடலாம்!

"எனக்கு முட்டிவலி எஸ்தரு. அம்புட்டுத் தூரம் ஆகாதும்மா."

எஸ்தர் செருப்பை மாட்டிக்கொண்டாள். பிறகு, "சரிக்கா, போறேன். அங்க எனக்குப் பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரி நேத்து காம்பவுண்டுக்கு மேல எட்டிப் பாத்தாங்க, ஒரு துளிரு வந்துச்சு. அவங்களும் நல்லாத்தான் வயிறெரியிறாங்க" என்றாள்.

ஸ்யாமளாவின் முகம் சுண்டிப்போனது.

"எவ அவ? என்னைய விடவா எரிஞ்சிருவா? இரு, சேல மாத்திட்டு வாரேன்."

இப்போது அந்த மரம் மாடி உயரம் இருக்கிறது. பாண்டீஸ்வரி வீட்டுப் பக்கம் சுமாராகக் காய்க்கும். ஸ்யாமளா நாற்காலி போட்டு உட்காரும் பக்கம் கிளை தாங்காமல் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து, எஸ்தர் கொடுக்கும் காப்பியைக் குடித்து, ஆற அமர வயிறெரிந்து முடித்து, பாண்டீஸ்வரி பக்கம் காய் கூடிவிடவில்லையே என்று ஒருமுறை பார்த்துக்கொண்டுதான் அவள் பஸ் ஏறுகிறாள்.