அஞ்சடியில் ஒரு சிலை

"ஐயோ, சிலை தும்முது!"

சுற்றுலா வந்த, தொப்பி போட்ட பெண் அலறிய அலறலில் பினாங்கின் அந்தப் பழைய துறைமுகத் தெருவே திரும்பிப் பார்த்தது. பிரம்பு நாற்காலியில் இருந்த எங் சாய் மறுபடி விறைத்துக்கொண்டார். மூக்கு இன்னும் அரித்தது.

வரிசையான கடைவீடுகளுக்கு முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில், தன் வீட்டு வாசலில், அவர் தினமும் மதியம் தூங்குகிற இடம் அது. போன மாதம் யாரோ ஓர் ஓவியன், அவர் தூக்கம் கலையாமல், சுவர் முழுக்கப் பூனைகளை வரைந்துவிட்டுப் போனான். எதிர்ச்சாரியில் நின்று பார்த்த பாரம்பரியக் கட்டடத் துறை அதிகாரி ஹைருல், 'பூனைகள் சூழ்ந்த சிலை' என்று அந்த வீட்டைப் பழைய வீடுகளுக்கான போட்டிக்கு எழுதிப் போட்டுவிட்டார். ஜெயித்தால் ஒழுகும் கூரையை மாற்றித் தருவார்கள். அது தூங்கும் கிழவர் என்று ஹைருலுக்குத் தெரிவதற்குள், இதோ, நடுவர்கள் வந்துவிட்டார்கள்.

"அங்கிள், கொஞ்ச நேரம்தான். மூச்சைக்கூடப் பார்த்து விடுங்க," ஹைருல் கெஞ்சினார்.

மனைவி பீ லியான், சிலைக்குத் தூசி தட்டுவதுபோல் அவர் மூக்கைத் துடைத்தாள். "மழை வந்தா என் தலையிலதான் ஒழுகுது. அசைஞ்சே, நிஜமாவே சிலையாக்கிடுவேன், கிழவா!" என்று காதில் சீறினாள்.

அப்போது கார் ஒன்று வந்து நின்றது. இறங்கியவள் மகள் சுவீ கிம். பின்னால் மருமகன், கையில் தேநீர்க் கூஜா.

எங் சாய் கண்ணை மட்டும் அந்தப் பக்கம் உருட்டினார். கல்யாணத்தன்று மகள் மண்டியிட்டுக் கொடுத்த தேநீரை அவர் குடிக்கவில்லை. சீன வழக்கப்படி, குடித்தால்தானே மருமகனை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம்! அன்று அழுதுகொண்டே போனவள் இன்றுதான் வாசல் மிதிக்கிறாள்.

ஆவி பறக்கும் கிண்ணத்தோடு அவள் மண்டியிட்டாள். "அப்பா, டீ குடிங்க."

அப்பா அசையவில்லை.

"அடடே, சிலைக்குப் படையலும் உண்டா?" என்று வியந்தார் ஒரு நடுவர்.

"தினமும் உண்டுங்க!" என்றார் ஹைருல்.

சுவீ கிம் கிண்ணத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "இப்பவும் மாட்டீங்க, இல்ல? சரி. இனிமே வரமாட்டேன்."

அவள் எழுந்தாள். சிலையின் கை நீண்டு கிண்ணத்தைப் பிடுங்கியது. ஒரே மடக்கு! நடுவர் பதறிப்போய்ச் சுவர்ப் பூனைகள் மேலேயே சாய்ந்தார்.

"போச்சு, என் கூரை போச்சு!" பீ லியான் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு மட்டும் ஏம்ப்பா குடிக்கல?" மகள் விம்மினாள்.

வெந்த நாக்கை விசிறிக்கொண்டே எங் சாய் சொன்னார்: "அன்னைக்கும் இதே சூடும்மா. ஆறட்டும்னு வச்சிருந்தேன், அதுக்குள்ள நீ கோவிச்சுட்டுப் போயிட்டே!"