சொந்தக்காரர் நேரில் வரணும்

அவனுக்கு 'சாவி' என்று பேர் வைத்தது தெருக்காரர்கள்தான். அக்கா புருஷனின் பூட்டுக்கடையில் வேலை கற்றுக்கொண்ட காலத்தில், யார் வீட்டுப் பூட்டு மக்கர் பண்ணினாலும் "சாவியக் கூப்பிடு" என்பார்கள். அப்போது அந்தப் பேரில் செல்லம் இருந்தது. இப்போதும் அதே பேர்தான், அதே வாய்தான். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு சொல்கிறார்கள்.

நடந்தது இவ்வளவுதான். ஒருநாள் மத்தியானம் இஸ்திரி போட்ட சட்டையோடு ஒரு ஆள் கடைக்கு வந்தான். "சாவி தொலைஞ்சுபோச்சு தம்பி, அடுப்புல பால வச்சுட்டு வந்துட்டேன், சீக்கிரம் தம்பி" என்றான். இவனும் ஓடிப்போய்த் திறந்துவிட்டான். பால் தீய்ந்த வாசனை வரவில்லையே என்று அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. அந்த ஆள் ஃபிரிட்ஜிலிருந்து குளிர்ந்த தண்ணீர்கூட எடுத்துக் கொடுத்தான். இவன் குடித்துவிட்டு, டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தான். சாயந்திரம் நிஜமான வீட்டுக்காரர் வந்து பார்த்தபோது பீரோ காலி, மேஜைமேல் டம்ளர், டம்ளரில் இவன் கைரேகை. திருடன் இன்றுவரை அகப்படவில்லை. அகப்பட்டவன் இவன் ஒருத்தன்தான்.

ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைச்சலாக உள்ளே இருந்துவிட்டு வந்தான். அதற்குள் அத்தான் கடை வாசலில் ஒரு பலகை மாட்டியிருந்தார்: 'சொந்தக்காரர் நேரில் வந்தால்தான் பூட்டு திறக்கப்படும்.' பலகையால் கடை பிழைத்தது. இவன் பிழைப்புதான் நாறிப்போனது. பூட்டு மாட்டப் போன வீட்டில் அவன் வேலை முடிக்கும்வரை பக்கத்திலேயே ஒரு ஆள் காவல் நிற்கும். தெருவில் சைக்கிள் காணாமல் போனாலும் போலீஸ் முதலில் இவனைத்தான் எழுப்பும். அக்காவே, விருந்தாளி யாராவது வந்தால் அவர்கள் பையை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். அவன் எடுப்பான் என்று இல்லை, பாவம். தொலைந்தால் அவன் தலையில் விடியுமே என்ற பயம். அதுதான் அவனுக்கு இன்னும் வலித்தது.

அதனால்தான் பட்டாளம். எல்லாருக்கும் ஒரே சட்டை, ஒரே முடிவெட்டு. சந்தேகப்பட்டால் எல்லாரையும் சேர்த்துச் சந்தேகப்படட்டும் என்பான். ஆனால் வயது வரம்பு என்று ஒன்று இருக்கிறதே. அடுத்த மாதம் அவனுக்கு அது தாண்டிவிடும். இந்தத் தடவை விட்டால் பிறகு கிடையாது.

அக்கா ஒரு வாரமாக அடுப்படியில் ஒத்திகை நடத்தினாள். கையில் கரண்டி, குரலில் அதிகாரம்.

"உன்மேல போலீஸ் கேஸ் ஏதாவது இருக்கா?"

"இல்ல மேடம்."

"தரையப் பாக்காத. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

"விசாரிச்சாங்கன்னா என்னக்கா பண்றது?"

"அவங்க விசாரிச்சு முடிக்கிறதுக்குள்ள நீ யூனிஃபார்ம் மாட்டியிருப்ப. போட்ட சட்டையக் கழட்டுன்னா சொல்லுவாங்க?"

நல்லாவே சொல்லுவார்கள் என்று அத்தானுக்குத் தெரியும். ஆனால் அந்த வீட்டில் அக்கா பேச்சுக்கு மறுபேச்சு ஏது?

ஆள் எடுக்கும் நாள் காலையில் பட்டாளத்து ஆபீஸ் வராந்தா முழுக்க இளவட்டம். ஒவ்வொருத்தன் சட்டையிலும் எண் எழுதிய துணியை ஊக்கால் குத்தியிருந்தார்கள். எட்டு மணிக்குத் திறக்க வேண்டிய அறை ஒன்பதாகியும் திறக்கவில்லை. குமாஸ்தா வேர்த்து வழியக் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சாவியை அவசரத்தில் திருகி, பாதியை உள்ளேயே ஒடித்துவிட்டார்.

"பூட்டு வேலை தெரிஞ்சவன் எவனாவது இருக்கீங்களா? தராசு, கண்ணு பாக்குற அட்டை, எல்லாம் உள்ளதான் இருக்கு. திறக்கலன்னா இன்னிக்கு ஒண்ணும் நடக்காது. அடுத்த மாசம்தான் வரணும்."

அடுத்த மாதம் என்றால் சாவிக்கு வயது தாண்டிவிடும். கால் தானாக முன்னே போய்விட்டது. குனிந்து துளையைப் பார்த்தான். சாதாரண பூட்டு.

"சீக்கிரம் தம்பி, ஆபீசரம்மா வர்றதுக்குள்ள முடிச்சிரு. வந்தாங்கன்னா என்னைத் தொலைச்சுக் கட்டிருவாங்க."

சீக்கிரம் தம்பி. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அவன் கை நின்றுவிட்டது.

"இது உங்க ரூமா சார்?"

"அந்தம்மா ரூமு. அதனால என்ன? நான்தான் திறக்கச் சொல்றேனே."

"அவங்க வரட்டும் சார்."

"இது என்ன வங்கி லாக்கரா? திறடாங்கிறேன்."

"சொந்தக்காரர் நேர்ல வரணும்" என்றான் சாவி. பலகையில் இருந்ததை அப்படியே ஒப்பித்தான். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தன் "இவனுக்கு வேலையே தெரியாதுப்பா, பில்டப் குடுக்குறான்" என்றான். சாவி சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டான்.

அதிகாரி அம்மா வந்தபோது குமாஸ்தா முந்திக்கொண்டார். "திறக்கத் தெரியுமாம் மேடம். ஆனா நீங்க வந்தாத்தான் திறப்பானாம். திமிரப் பாருங்க."

அந்த அம்மா கோபப்படவில்லை. "ஏன்ப்பா?" என்றாள்.

அதற்கு எத்தனையோ பதில் உண்டு. கடை வழக்கம் மேடம் என்று சொல்லியிருந்தால் வேலை முடிந்தது. ஒரு வாரமாக ஊட்டி ஊட்டி வளர்த்த பொய் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் அக்கா சொல்லிக்கொடுத்த மாதிரி மூஞ்சியைப் பார்த்தான் பாருங்கள், அங்கேதான் கெட்டது. பார்த்தபிறகு அவனால் முடியவில்லை.

"முன்னாடி ஒருதடவ கேக்காமத் திறந்துட்டேன் மேடம். அது வேற ஆள் வீடு. கேஸ் ஆகி ஜெயிலுக்குப் போயிட்டு வந்தேன்."

பக்கத்தில் நின்றவன் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டான்.

"சரி. இது என் ரூம்தான். நான் சொல்றேன், திற."

அவன் தன் சட்டையில் குத்தியிருந்த எண்ணைக் கழற்றி, துணியைப் பையில் வைத்துக்கொண்டு, ஊக்குகளை நிமிர்த்தினான். முதலில் உடைந்த துண்டு வெளியே வந்து விழுந்தது. பிறகு ஊக்கை வளைத்து உள்ளே விட்டுத் துழாவினான். கதவு திறந்தது.

அந்த அம்மா அவனை முதல் ஆளாக உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, முழுக் கதையையும் கேட்டாள். டம்ளர் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னான். கேட்டு முடித்ததும் பேனாவை மூடி வைத்தாள்.

"உன்ன நம்புறேன். ஆனா தண்டனை அனுபவிச்ச ஆள எடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. மேல எழுதிக் கேக்கலாம். பதில் வர்றதுக்குள்ள உனக்கு வயசு தாண்டிரும். பொய்யா நம்பிக்கை குடுக்க எனக்கு இஷ்டமில்லப்பா."

"சரி மேடம்" என்றான். அக்காவிடம் என்னவென்று போய்ச் சொல்வது?

எழுந்து போகத் திரும்பினான்.

"அந்தப் பூட்டச் சரி பண்ணிட்டுப் போறியா? கூலி குடுத்துர்றேன். கீழ் ரூம்ல டூல்ஸ் இருக்கு, வாங்கிக்க. நான் மைதானத்துக்குப் போறேன்."

அவன் ஸ்க்ரூ டிரைவரோடு திரும்பி வந்தபோது, தராசையும் அட்டையையும் குமாஸ்தா தலையில் கட்டிவிட்டு அந்த அம்மா வெளியே கிளம்பிக்கொண்டிருந்தாள். மேஜைமேல் கைப்பை வாயைத் திறந்தபடி இருந்தது. பக்கத்தில் கைக்கடிகாரம், ஃபோன்.

"மேடம், உங்க பை."

"இருக்கட்டும்" என்றாள், திரும்பிப் பார்க்காமலே. அவள் காலடிச் சத்தம் வராந்தா கடந்து படியிறங்கிப் போய்விட்டது.

காவலுக்கு யாரும் நிற்கவில்லை. சாவி அறையைச் சுற்றிப் பார்த்தான். கதவருகே தரையில் உட்கார்ந்தான். கண் நிறைந்து திருகாணியே தெரியவில்லை. புறங்கையால் துடைத்துக்கொண்டு பூட்டைக் கழற்ற ஆரம்பித்தான்.

பத்து நிமிஷத்து வேலை அது. அவன் அதை மத்தியானம் வரைக்கும் செய்தான்.