மழை நேரம் கணக்கில் வராது

குளிர்பெட்டியின் மேல் நழுவிய மாலையைச் சரிசெய்துகொண்டே கோமதிநாயகம் பக்கத்து வீட்டுக்காரரிடம் மழையைப் பற்றி விசாரித்தார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் செம்பூரில் மழை பெய்ததா என்று. ஞாபகமில்லை என்றார் அவர். பிறகு மாலையோடு வந்த பால்காரரிடமும் அதே கேள்வி போனது.

செண்பகவல்லி அம்மாவின் அருகில் உட்கார்ந்தபடி இதைக் கவனித்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்குள் இருந்த அப்பா வானமாமலையும் கோமதிநாயகமும் ஒரே கப்பல் ஏஜென்சியில் வேலை பார்த்தவர்கள். துறைமுகத்துக்கு வரும் கப்பலில் ஏறி, சரக்கு இறக்குவது எப்போது தொடங்கியது, எதனால் நின்றது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அப்பாவின் வேலை. இறக்கிய சரக்குக்கு லாரி ஏற்பாடு செய்வது கோமதிநாயகத்தின் வேலை. செவ்வாய்க்கிழமை பட்டாணிக் கப்பலின் மேல்தளத்தில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நேற்று விடியற்காலை ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது. ஊரிலிருந்து பெரியப்பா வந்ததும் எடுக்க வேண்டியதுதான்.

அவள் தண்ணீர் எடுக்க எழுந்தபோது கோமதிநாயகம் பின்னாலேயே வந்தார்.

"ஏம்மா, அண்ணாச்சி அன்னைக்குப் போட்டிருந்த துணி எங்க இருக்கு?"

"எதுக்கு சித்தப்பா?"

"சும்மாதான். ஆபீஸ்ல கேட்டாங்க."

சும்மா கேட்கிறவருடைய கண் கட்டிலுக்கு அடியில் தேடாது. வேலை நேரத்தில் சாகவில்லை என்று காட்ட ஆபீஸ் ஏதோ வழி பார்க்கிறது, இந்த ஆள் அதற்குத்தான் வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. அவரை வெளியே மாடிப்படித் திருப்பத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். விஷயத்தைச் சொன்னால்தான் துணி என்றாள்.

அவர் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கப்பலை வாடகைக்கு எடுக்கிறவனுக்கு, சரக்கை இறக்கி முடிக்கக் கப்பல்காரன் ஒரு கெடு தருவான். லேடைம் என்பார்கள். கெடு தாண்டிக் கப்பல் நின்றால் ஒவ்வொரு நாளுக்கும் தண்டம் கட்ட வேண்டும், அதுதான் டெமரேஜ். ஆனால் மழை பெய்தால் பட்டாணி நனையாமல் கப்பல் கிடங்கின் மூடியை மூடிவிடுவார்கள். அந்த மழை நேரம் கெடுவில் சேராது. லாரி வராமல் வேலை நின்றால் சேரும்.

"அண்ணாச்சி செவ்வாய்க்கிழமை மழைன்னு எழுதியிருக்காரு. மழையே இல்லன்னு கேப்டன் மறுத்து எழுதிட்டான். இந்த ஊர்ல ஒரு தெருவுல பெய்யும், அடுத்த தெரு காஞ்சு கெடக்கும், எதை வச்சு நிரூபிக்க? கப்பல்காரங்க சர்வேயரு விசாரிக்க வாரான். நனைஞ்ச துணி இருந்தா அண்ணாச்சி பேரு நிக்கும்."

ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமை மாலையே அந்தத் துணிகளைப் பையில் போட்டுத் தந்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து உதறியபோது பேன்ட் மடிப்பிலிருந்து பட்டாணித் தூசி மஞ்சளாகக் கொட்டியது. ஒட்டக்கூட இல்லை, மாவுபோல உதிர்ந்தது.

"துணியில பொட்டு ஈரம் இல்ல சித்தப்பா. அன்னைக்கு லாரி வந்துச்சா?"

அவர் கைப்பிடிச் சுவரில் உரிந்த சுண்ணாம்பைச் சுரண்டினார்.

"நீங்கதான் எழுதச் சொன்னீங்களா?"

"நான் கேக்கலம்மா. லாரி வரல, நான் போனைப் போட்டுக் கத்திக்கிட்டிருந்தேன். அவரா எழுதிட்டாரு."

அப்பா ஒரு தூறலைக்கூடக் கூட்டி எழுதாதவர் என்று ஆபீஸில் கேலி செய்வார்களாம். அதைச் சாப்பிடும்போது சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அந்த மனிதர் கேட்காமலே எழுதினாராம். செத்தவர் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை என்ற தைரியம்தான் இவருக்கு என்று செண்பகவல்லி நினைத்தாள்.

சர்வேயர் ராஹில் வந்தபோது வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, பெட்டியைப் பார்த்து நின்றான். தாராவியில் வளர்ந்த தமிழ்ப் பையன். இந்த நேரத்தில் கேட்கக்கூடாதுதான் ஆன்ட்டி, மாஃப் கரோ, மன்னிக்கணும் என்று ஆரம்பித்து, செவ்வாய்க்கிழமை அங்கிள் மழையைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்றான்.

அம்மா விஜயலட்சுமி அதுவரை யாரிடமும் பேசவில்லை. தலையை நிமிர்த்தினாள்.

"போன் பண்ணாரே. இங்க மழை பிடிச்சாச்சு, துணிய எடுன்னாரு. நானும் எடுத்துட்டேன்."

மழை கடல் பக்கமிருந்து வரும். துறைமுகத்தில் தூறல் விழுந்தால் அப்பா வீட்டுக்கு ஒரு போன் போடுவார். செம்பூருக்கு அது வந்து சேர்வதற்குள் கொடியில் கிடப்பதை அம்மா எடுத்துவிடுவாள். செண்பகவல்லிக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். அந்தப் போன் ஒருநாளும் பொய்த்ததில்லை.

இங்கே மழை வந்ததா என்று ராஹில் கேட்டான்.

"இங்க வரல," என்றாள் அம்மா. மகள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "துணியெல்லாம் காயாம, அரைக் காய்ச்சல்ல எடுத்தது. வீட்டுக்கு வரட்டும், கேக்கணும்னு இருந்தேன்."

அம்மா பொய் சொல்லவில்லை. அவளுக்குப் பொய் தேவைப்படாதபடி அப்பா செய்துவைத்துவிட்டுப் போயிருந்தார். செண்பகவல்லி கோமதிநாயகத்தைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஆச்சரியம் இருந்தது. அது நிஜமா என்று அவளால் சொல்ல முடியவில்லை. மழை என்று வீட்டுக்குப் போன் போட்டுவைக்கும் அந்த யோசனை யாருடையது என்றும் தெரியவில்லை. கண்ணாடிக்குள் அப்பாவின் மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள்.

ராஹில் அவளிடம் திரும்பினான். ஆஸ்பத்திரியில் கொடுத்த துணி வீட்டில் இருக்கிறதா, ஒரு தடவை பார்க்கலாமா என்றான்.

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோமதிநாயகம் தரையைப் பார்த்தார்.

"தூரப் போட்டாச்சு," என்றாள். பிறகு, யாரும் கேட்காமலே, "நனைஞ்சு நாத்தமெடுத்துச்சு" என்றாள்.

ராஹில் தலையாட்டினான். பெட்டியைக் கும்பிட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

பெரியப்பா வந்து சேர்ந்தார். குளிப்பாட்டி, பாடையில் கட்டி, கீழே வண்டிக்குத் தூக்கினார்கள். அந்தக் கட்டடத்தின் மாடிப்படி குறுகல். திருப்பத்தில் மூங்கில் சுவரில் முட்டி நின்றது. முன்னால் பிடித்திருந்த கோமதிநாயகம் பின்பக்கமாகப் படியிறங்க வேண்டியிருந்தது. கால் வைக்க இடம் தெரியாமல் தடுமாறினார். பாடை அவர் பக்கம் சாய்ந்தது. பொம்பளைப் பிள்ளைகள் மேலேயே நில்லுங்கள் என்று யாரோ சொன்னார்கள்.

செண்பகவல்லி சுவரோரமாக நுழைந்து இறங்கி, அவர் கைக்குப் பக்கத்தில் மூங்கிலுக்கு அடியில் தன் கையைக் கொடுத்தாள்.

"இன்னொரு படி இருக்கு சித்தப்பா. மெதுவா."