கஸ்தூரியை நனைக்காத ஏரி

மனிதன் செய்யக்கூடிய எந்தக் காரியமும் ஐந்தே படிகளில் முடிந்துவிடும், ஆறாவது படி தேவைப்பட்டால் முதல் படியைப் போட்டவனுக்கு மூளை இல்லை என்று நொச்சிமேட்டுத் தமிழ்வாணன் டீக்கடையில் அறிவித்த அதே ஆவணி மாதத்தில்தான், பழவேற்காடு ஏரி கஸ்தூரியை நனைப்பதை நிறுத்தியது. அந்த வாரம் நண்டு விலை ஏறியிருந்தது, இறால் விலை அப்படியே இருந்தது. கஸ்தூரி வழக்கம் போலப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏரியில் இறங்கினாள். பறி என்பது வாய் குறுகிய ஓலைக்கூடை. கையால் இறால் பிடிக்கிறவர்கள் கழுத்தளவு தண்ணீரில் மண்டியிட்டுச் சேற்றைத் துழாவும்போது இரண்டு கைக்கும் வேலை இருப்பதால், கூடையை வாய்தான் சுமக்க வேண்டும். அவள் காலை வைத்ததும் தண்ணீர் ஒரு முழம் தள்ளி நின்றது. இன்னும் உள்ளே போனாள். நம் பக்கத்துப் பேருந்துகளில் காணக் கிடைக்காத மரியாதையோடு அது விலகி விலகி வழி விட்டது. ஆள் மூழ்கும் ஆழத்தில் அவள் காய்ந்த புடவையோடு நின்றாள். சுற்றிலும் தண்ணீர் சுவர் போல நின்றது, அதற்குள் இறால்கள் நீந்திக்கொண்டிருந்தன. கையை நீட்டினால் சுவர் பின்வாங்கியது, இறாலும் கூடவே போனது. பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, ஏரியை அதன் தாயோடு சேர்த்துத் திட்டினாள்.

தமிழ்வாணன், குப்பனின் மகன். தோணிரேவுக்குக் கொஞ்சம் வடக்கே, ஏரிக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவில் இருக்கிற நொச்சிமேட்டில் முதலில் பொறியியல் படித்தவன். சென்னையில் ஒரு கம்பெனி அவனை மென்பொருள் எழுத எடுத்துக்கொண்டது. பிறகு எழுத ஒன்றும் இல்லை என்று தெரிந்ததால் வீட்டிலிருந்தே சும்மா இருக்கச் சொல்லிச் சம்பளம் அனுப்பியது. சும்மா இருக்கிறவன் கண்ணில் ஊர் படும். அவன் கண்ணில் பாடு பட்டது. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று படகுக்காரர்கள் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைப்பதற்குப் பாடு என்று பெயர். முறை வைப்பதற்குள் மூன்று பேர் சட்டையாவது கிழியும். எல்லாம் முடிந்த பிறகு ஊர் வழக்கப்படி குப்பன் ஊரைச் சுற்றி வர வேண்டும். படகு இருக்கிற வீடுகளில் தொடங்கி, கழிமுகப் புதர் ஓரத்தில் கையால் பிடிக்கிறவர்களின் கடைசிக் குடிசை வரை போய், ஒவ்வொரு வாசலிலும் நின்று, “உனக்கு இன்னா?” என்று கேட்க வேண்டும். பதில் வராமல் நகரக் கூடாது. ‘ஒண்ணுமில்ல’ என்பதும் பதில்தான். இப்படிக் கேட்டதால் கடைசிக் குடிசைக்காரர்களுக்கு எதுவும் கிடைத்ததாகத் தகவல் இல்லை. குப்பனும் அந்தப் பக்கம் வந்ததும் கேட்டுவிட்டு, ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேறு திசையில்தான் பார்த்திருப்பார். ஆனால் கேட்பார். தமிழ்வாணன் கல்லூரி விடுதியில் இதை நடித்துக் காட்டிப் புகழ் பெற்றான். ஒரு கையை இடுப்பில் வைத்துக் கொக்கு மாதிரி நின்று, “உனக்கு இன்னா?” என்பான், பிறகு கண் சிமிட்டாமல் அசையாமல் நிற்பான். சிரித்துச் சிரித்து ஒருவன் மூக்கில் டீ ஏறி ஆஸ்பத்திரிக்கே போனான்.

இந்தப் பாடு முறையைச் செல்போனில் ஏற்றிவிட்டால் சட்டையும் கிழியாது, அப்பன் காலும் தேயாது என்பது அவன் முடிவு. அருவி முறையில் செய்யப்போவதாக அறிவித்தான். தேவையைக் கேட்பது, வரைவது, எழுதுவது, சோதிப்பது, ஒப்படைப்பது. ஒரு படி முடிந்ததும் அதை மூடிவிட வேண்டும், மேலே திரும்பி ஏறக் கூடாது, அருவி மேலேறுமா? நொச்சிமேட்டில் அருவியை யாரும் பார்த்ததில்லை. டீக்கடை சீனிவாசன் மட்டும், “நம்ம ஏரி ஒரு நாளைக்கு ரெண்டு தபா ஏறி எறங்குதேடா, அதுக்கு இன்னா முறை?” என்று கேட்டார்.

“அதுக்கு ஒழுங்கு பத்தலைனு அர்த்தம் மாமா,” என்றான் தமிழ்வாணன்.

முதல் படி அந்த டீக்கடையிலேயே, டீ ஆறுவதற்குள் முடிந்தது. படகு வைத்திருக்கிறவர்கள் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொன்று சொன்னார்கள், அவன் தட்டிக்கொண்டான். மடிக்கணினியை மூடப் போகும்போது, நண்டுச் சட்டியை இறக்கி வைத்த கஸ்தூரி, “எங்களுக்கு இன்னா நைனா?” என்று கேட்டாள்.

“உனக்குப் படகு இருக்குதாக்கா?”

“படகு இருந்தா நான் ஏன் கழுத்து வரைக்கும் ஊறினு கீறேன்?”

“அப்போ அடுத்த வெர்ஷன்ல பாக்கலாம்க்கா.”

“அது எப்போ வரும்?”

“இது முடிஞ்சதும்.”

அப்படி ஒன்று வராது என்று சொல்லும்போதே அவனுக்குத் தெரியும். அவன் கம்பெனியில் அடுத்த வெர்ஷன் என்பது செத்தவர்களைப் பற்றிப் பேசும்போது சொர்க்கம் என்பதைப் போல. சீனிவாசனின் அடுப்பு சீறிக்கொண்டிருந்ததால் இந்தப் பேச்சு வேறு யார் காதிலும் விழவில்லை. அவன் ஒரு பொத்தானை அழுத்தி முதல் படியை மூடினான்.

மற்ற படிகளும் அருவி போலவே இறங்கின. விடியும்போது அவரவர் செல்போன் அவரவர் பாடு எங்கே என்று சொன்னது, தகராறு ஓய்ந்தது, சட்டைகள் முழுசாக இருந்தன. குப்பன் காலை நீட்டி டிவி முன்னால் உட்கார்ந்தார். பிள்ளை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று ஊர் பேசியது. ஒப்படைத்த மறுநாள்தான் கஸ்தூரி ஏரியில் இறங்கியதும் தண்ணீர் விலகியதும். அன்று பொழுது சாய்வதற்குள் கையால் பிடிக்கிற அத்தனை பேருக்கும் அப்படியே ஆயிற்று. குழாய்த் தண்ணீர் அவர்களை நனைத்தது, ஐப்பசி மழையும் நனைத்தது. ஏரி மட்டும் ஒரு முழம் தள்ளியே நின்றது.

நொச்சிமேடு எதற்கும் அதிக நாள் ஆச்சரியப்படுகிற ஊர் அல்ல. தண்ணீரில் விழுந்த படகு இன்ஜினை எடுக்கக் கஸ்தூரியை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் போனார்கள். தமிழ்வாணனின் அம்மா கோவிந்தம்மா என்றோ தொலைத்த மூக்குத்தி கூடக் கிடைத்தது. ஒரு கல்யாணக் கூட்டம் பட்டுப்புடவை ஈரமாகாமல் அவள் பின்னாலேயே எதிர்க்கரைக்கு நடந்து போய்விட்டது, தோணிக்காரர் பஞ்சாயத்தில் புகார் கொடுத்தார். ஆனால் இறால் இல்லாத வீட்டில் மூக்குத்தியை வைத்துக் குழம்பு வைக்க முடியாது. கஸ்தூரியின் புருஷன் முனியன் காட்டுப்பள்ளிப் பக்கம் கூலிக்குப் போனான். கிடைத்த நாள் சோறு, கிடைக்காத நாள் இல்லை. செங்கல் சூளைக்கு ஆள் எடுக்கிற மேஸ்திரி வந்து குடிசை குடிசையாகப் பார்த்துவிட்டுப் போனார். சூளைக்குப் போனால் குடும்பத்தோடு போக வேண்டும், பத்தாவது படிக்கிற மகள் ஷாலினியும் சேர்ந்துதான் கல் அறுக்க வேண்டும். அதை நினைத்து முனியன் மேஸ்திரியிடம் பேர் கொடுக்காமல் தள்ளிக்கொண்டே வந்தான்.

ஏன் இப்படி ஆயிற்று என்று ஊர் கேட்டபோது, முகத்துவாரத்தில் மணல் ஏறியதுதான் காரணம் என்று தமிழ்வாணன் விளக்கினான். படிப்பாளி சொன்னதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கூட்டத்தின் ஓரத்தில் கஸ்தூரி நின்றிருந்தாள். அவனை ஒரு முறை பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி அவன் தப்பித்திருப்பான். அன்றிலிருந்து டீக்கடைக்கு முன்வழியாகப் போவதை விட்டுத் தோப்பைச் சுற்றிப் போனான். “அவ ஏன்டா இறால் கொண்டாரதில்ல?” என்று கோவிந்தம்மா கேட்டால், தட்டைப் பார்த்துக்கொண்டு, “எனக்கு இன்னாம்மா தெரியும்?” என்றான். சோறு இறங்கவில்லை, இறங்கிய அளவுக்கும் உப்புக் கரித்தது.

கடைசியில் கம்பெனி நண்பன் ஹரிஷுக்குப் போன் போட்டான். ஹரிஷ் முழுவதையும் பொறுமையாகக் கேட்டான்.

“மச்சி, தண்ணி அவங்கள நனைக்கணும்னு முதல் படியில எழுதியிருக்கா?”

“இல்ல.”

“அப்போ இது தப்பே இல்ல. சொன்னபடிதான் வேலை செய்யுது.”

“பட்டினி கெடக்குறாங்கடா.”

“பட்டினின்னா அவசரம்னு போட்டு ஒரு சேஞ்ச் ரெக்வஸ்ட் அனுப்பச் சொல்லு.”

“அவங்ககிட்ட போன் இல்ல.”

“அப்போ அவங்க யூசரே இல்லியே மச்சி,” என்றான் ஹரிஷ், உண்மையான வருத்தத்தோடு.

தமிழ்வாணன் தானே உள்ளே புகுந்து ஒட்டுப் போடத் துணிந்தான். படகின் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தால் மென்பொருள் ஆளைச் சேர்க்க மறுத்தது, எழுதியவன் அவனே. யோசித்து, அந்தக் கட்டத்தில் ‘கஸ்தூரி’ என்றே போட்டான். மறுநாள் காலை அவள் இறங்கியதும் தண்ணீர் ஓடி வந்து காலைத் தொட்டது. அவளுக்குக் கண் கலங்கியது. அடுத்த நொடி ஏரி அவளைத் தூக்கி மேலே மிதக்கவிட்டது. ஊரில் கனத்த பெண்கள் நாலு பேர் மேலே உட்கார்ந்து அழுத்தியும் அவள் அமிழவில்லை. வயிற்றின் மேல் ஒரு நாரை வந்து உட்கார்ந்தது. காற்று அவளைச் சுண்ணாம்புக்குளம் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போக, முனியன் கயிறு வீசி இழுத்து வந்து மற்றப் படகுகளோடு கட்டினான். கரையில் தமிழ்வாணன் நிற்பதைப் பார்த்ததும் அவள் படுத்தவாக்கிலேயே பேசினாள்.

“நேத்து வரைக்கும் கிட்ட வரல, இன்னிக்கு உள்ள உட மாட்டேங்குது. இன்னா படிப்பு நைனா உன்து? அடுத்த தபா என்னிய மீனாக்கி வுட்டுடாத, படகுக்காரங்க வேற வலை கட்டினு கீறாங்க.”

பெண்கள் சிரித்தார்கள். அவனும் சிரிக்கப் பார்த்தான், முகம் ஒத்துழைக்கவில்லை. ஒட்டைப் பிய்த்ததும் ஏரி பழையபடி ஒரு முழம் தள்ளி நின்றது.

அருவி முறையே பழசு என்று ஹரிஷ் அடுத்த போனில் சொன்னான். இப்போதெல்லாம் சின்னச் சின்னச் சுற்றாகத்தான் செய்கிறார்கள். தினமும் காலையில் எல்லோரையும் நிற்க வைத்து நேற்று இன்னது செய்தேன், இன்று இன்னது செய்வேன், இன்னது தடை என்று சொல்ல வைக்க வேண்டும். தமிழ்வாணன் படகுத்துறையில் ஆண்களை வட்டமாக நிற்க வைத்தான். முதல் ஆளாக நின்ற படகுக்காரர் மோகன்குமார், “நேத்து மீன் புடிச்சேன். இன்னிக்கு மீன் புடிப்பேன். தடை இன்னான்னா, நீதான்டா பேஜாரு,” என்றார். ஆனாலும் சுற்றுகள் நடந்தன. மென்பொருளுக்குப் புது நிறம் வந்தது, காற்று நிலவரம் வந்தது, வலை கட்டும் நேரத்துக்கு மணி அடித்தது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ‘கஸ்தூரி அக்கா’ என்ற ஒரு வரி மிச்சம் நின்றது, அவன் அதை அடுத்த சுற்றுக்குத் தள்ளினான். சுற்று மாறியதே தவிர, வட்டத்தில் நின்றவர்கள் மாறவில்லை. இது அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது.

கார்த்திகைக் கடைசியில் சூளை வண்டி வந்து, கஸ்தூரிக்கு அடுத்த குடிசை மணிகண்டனை மனைவி மக்கள் சட்டி பானையோடு ஏற்றிக்கொண்டு போனது. முனியனும் பேர் கொடுத்துவிட்டான், பொங்கல் கழிந்து அடுத்த வண்டி. அன்றைக்கே தமிழ்வாணன் மென்பொருளை வேரோடு அழித்தான். செல்போன்கள் ஊமையாயின, பாட்டுக்குச் சீட்டுப் போடுவது திரும்பி வந்தது, சட்டைகள் கிழிந்தன, எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். ஏரி மட்டும் திரும்பவில்லை. பழையபடி வாசல் வாசலாகக் கேட்டு ஊர் சுற்றி வரும்படி அப்பனைக் கெஞ்சினான். “முட்டி இப்போ டிவி முன்னாடிதான்டா மடங்குது. வோணும்னா நீ போ,” என்றார் குப்பன், திரும்பிப் பார்க்காமல்.

ஊர் உண்ட களைப்பில் படுத்திருந்த ஒரு மத்தியானம் போனான். படகு வீடுகளைத் தாண்டும்போது யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டான். கஸ்தூரி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் செருப்பைக் கழற்றினான்.

“உனக்கு இன்னாக்கா?”

அவள் நிமிரவில்லை. “அந்த வெர்ஷன் வந்துடுச்சா?”

“அப்படி ஒண்ணு இல்லவே இல்லக்கா. அன்னிக்கே எனக்குத் தெரியும்.”

“எனக்கும் தெரியும்,” என்றாள். “நில்லு, யோசிச்சுச் சொல்றேன்.”

அரிசியைப் புடைத்தாள், கல் பொறுக்கினாள், உலை வைத்தாள், வாசலைப் பெருக்கி அவன் நின்ற இடத்தை மட்டும் விட்டாள். வெயில் அவன் ஒரு காதிலிருந்து மறு காதுக்குப் போனது. அப்புறம் உள்ளேயிருந்து, “ஒண்ணுமில்ல, போ,” என்று குரல் வந்தது. அவன் பக்கத்துக் குடிசைக்குப் போனான்.

மறுநாள் ஏரி அவள் கணுக்கால் வரை வந்தது. அவன் மறுபடியும் போனான், முழங்காலுக்கு வந்தது. பொங்கல் கழிந்து வண்டி வந்தபோது கஸ்தூரி கழுத்தளவு தண்ணீரில் மண்டியிட்டிருந்தாள். வாயில் பறி இருந்ததால் மேஸ்திரிக்குப் பதில் சொல்லவில்லை, கையை மட்டும் ஆட்டினாள். அன்றிலிருந்து இதுதான் வழக்கம். கம்பெனி அவனுக்கு மறுபடி வேலை கொடுத்திருக்கிறது. சாயங்கால மீட்டிங்குகளுக்கு மட்டும் அவன் வருவதில்லை, அதே நேரத்தில் இன்னொரு மீட்டிங் இருப்பதாகச் சொல்கிறான். ஒரு தடவை ஜுரத்தில் படுத்துவிட்டான். மறுநாள், ஏரி இன்றைக்கு இடுப்போடு நின்றுவிட்டது, பையனுக்கு இன்னும் ஜுரம் விடவில்லையா என்று கஸ்தூரி சீனிவாசனிடம் கேட்டு அனுப்பினாள். யாரும் அதை வியக்கவில்லை, கஞ்சிக்கு நொய் கொடுத்து அனுப்பினார்கள்.

அவன் சுற்றில் மணிகண்டனின் குடிசையும் உண்டு. கதவில் கட்டிய கயிறு அப்படியே இருக்கிறது. அங்கேயும் செருப்பைக் கழற்றி, “உனக்கு இன்னாண்ணே?” என்று கேட்கிறான். ஒரு நாள் அந்தப் பக்கமாகப் புடவை சொட்டச் சொட்ட வந்த கஸ்தூரி, அவனையும் கதவையும் பார்த்தாள்.

“அவங்க ஆனி மாசம்தான் வருவாங்க,” என்றாள்.

“சரிக்கா,” என்றான் தமிழ்வாணன், நின்றான்.