இடது தோளில் இருந்த கை

லதுஷா எழுதியதை அவள் புருசன் றிக்சன் குசினி வாசலில் நின்றபடியே வாசித்தான். முதல் பக்கத்தில் சிரித்தான். இரண்டாம் பக்கத்தில் சிரிப்பு நின்றது. மூன்றாவதைத் திருப்பாமலே தாள்களை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

“இத ஆருக்கும் அனுப்பிட்டியா?”

“கீர்த்தனி அக்காவுக்கு நேற்றே அனுப்பிட்டன். ஏன்?”

“நாசமாப் போச்சு.”

கீர்த்தனி நகரத்தில் சனிக்கிழமைகளில் எழுத்து வகுப்பு நடத்துபவர். கதைக்கும் கவிதைக்குமான வகுப்பல்ல, நடந்ததை நடந்தபடி எழுதுவதற்கான வகுப்பு. தன் வாழ்க்கையை எழுதுவது ஒரு வகை, போன ஊரை எழுதுவது இன்னொன்று, சம்பவம் நடந்த இடத்திலேயே போய் நின்று எழுதுவது வேறொன்று, ஒரு மனிதரை ஆளாக நிறுத்திக் காட்டுவது ஆள்சித்திரம் என்று பிரித்துச் சொல்லிக்கொடுத்தார். கதையைப் போலக் காட்சி வைக்கலாம், பேச்சு வைக்கலாம். நடக்காதது மட்டும் ஒரு சொல்லும் உள்ளே வரக்கூடாது. துறைமுகத்தில் வேலை செய்பவர்களைப் பற்றி வகுப்பிலிருந்து ஒரு தொகுப்பு வரவிருந்தது. லதுஷா முனாஸை எடுத்துக்கொண்டாள்.

முனாஸ் பக்கத்து ஊரான கிண்ணியாவைச் சேர்ந்தவர், ஐம்பதைத் தாண்டியவர். உர மூட்டை ஏற்றிய கப்பல் வந்தால் அதன் மேல்தட்டின் விளிம்பில் நின்று கிரேன் ஓட்டுபவருக்குக் கைகாட்டுவது அவர் வேலை. கீழே கப்பலின் கிடங்குக்குள் மூட்டைகளை வலையில் அடுக்கிக் கொக்கியில் மாட்டுகிறவர்களைக் கிரேன்காரரால் பார்க்க முடியாது. அவர்களாலும் அவரைப் பார்க்க முடியாது. நடுவில் இருப்பது முனாஸின் கை ஒன்றுதான். இவர்கள் எல்லோரும் ஒரே செட், ஒரே வேலைக்குழு. கிடங்குக்குள் நிற்பவர்களில் றிக்சன் ஒருவன்.

லதுஷா துறைமுகத்துக்கு ஒரு நாள் பாஸ் எடுத்துக்கொண்டு உள்ளே போய், பகல் முழுக்க நின்று பார்த்துத்தான் எழுதினாள். ‘முனாஸின் இடது தோளில் எப்போதும் ஒரு கை இருக்கும். அது அவர் பக்கத்தில் நின்று வேலை செய்யும் சிந்துஜனின் கை. எரிக்கிற வெயிலிலும் அது விலகுவதில்லை. துறைமுகத்தில் நான் கண்ட தோழமை அதுதான்’ என்பது இரண்டாம் பக்கத்தில் இருந்தது. கீர்த்தனி அந்த இடத்தை வாசித்துவிட்டுக் குரல்பதிவு அனுப்பியிருந்தார். “அந்தக் கை இருக்கே லதுஷா! அதையே தலைப்பா வைப்பம்.”

“தோழமையாம், விசர்க் கதை” என்றான் றிக்சன். “முனாஸ் நானாக்கு இடது கண் தெரியாதடி.”

“என்ன?”

“கண்ணில பிரஷர் கூடிப் பார்வை போயிட்டுது. ரெண்டு வருசமாகுது. இடப்பக்கத்தால வலை வந்தா சிந்துஜன் தோளை அமத்துவான். ஒருக்கா அமத்தினா நிப்பாட்டு, ரெண்டுதரம் எண்டா இறக்கு. எங்கட செட்டுக்கு மட்டும்தான் தெரியும். வேற செட்காரன் இத வாசிச்சானெண்டா அந்த வரியிலயே பிடிச்சிடுவான். கைகாட்டுறவன்ர தோளில கை என்னத்துக்கு?”

அவளுக்கு முதலில் வந்தது வெட்கம். கை அங்கே இருந்தது உண்மை. தோழமை அவளாகப் போட்டது. அதன் பிறகுதான் மற்றது உறைத்தது.

“அப்ப அந்த வலை வாறது உங்கட தலைக்கு மேலால.”

“ஓம். ரெண்டு வருசமா வருது.”

“சிந்துஜனுக்குப் போன் வந்தா?”

“எடுக்கமாட்டான்.”

“தும்மினா?”

“தும்மினா ஒருக்கா அமத்துப்படும், கிரேன் நிக்கும்.” சொல்லிவிட்டு அவனே சிரித்தான். லதுஷா சிரிக்கவில்லை.

கீர்த்தனியை அழைத்து அந்த வரியை எடுக்கலாமா என்று கேட்டாள். “எடுக்கலாம். விடுறது எழுதுறவரின்ர உரிமை. ஆனா அது இல்லாட்டி அவர் வேலைக்குப் போறார், வாறார், அவ்வளவுதானே?” என்றார் கீர்த்தனி. “வேணுமெண்டா பேரை மாத்திக் கதையா எழுதுங்கோ. அப்ப இந்தப் புத்தகத்தில போட ஏலாது.”

வரியை வெட்டுவது ஒரு நொடி வேலை. வெட்டினாள். வெட்டிய பிறகும் வலை றிக்சனின் தலைக்கு மேல்தான் தொங்கியது.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்த பிறகு இருவரும் மோட்டார் சைக்கிளில் கிண்ணியாவுக்குப் போனார்கள். முனாஸ் அவர்கள் உட்காரக் கதிரைகளை இழுத்துப் போட்டார். அவர் மனைவி பஸ்மியா தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

“வரிய எடுத்தாச்செண்டு றிக்சன் சொன்னான். அல்லாஹ் ஒங்களுக்கு நல்லது செய்யட்டும், தங்கச்சி” என்றார் முனாஸ்.

“எடுத்துட்டன் நானா. ஆனா நீங்கள் அதில நிக்கிறது எனக்குப் பயமாக் கிடக்கு.”

“பயமெண்டா கப்பல் பக்கம் வராதீங்க. ஒரு நாள் பாஸில வந்த ஆள்தானே நீங்க.”

“கீழ நிக்கிறது என்ர மனிசன்.”

“என்ட கையில அடிபட்டவன் ஒருத்தனக் காட்டுங்க பாப்பம். ரெண்டு கண்ணோட கைகாட்டினவன்ட காலத்திலதான் ஒருத்தன்ட கால் போச்சு.”

றிக்சன் கதிரையின் கைப்பிடியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். பஸ்மியாதான் பேசினாள். “அப்ப இவர் என்ன செய்யிற? கரையில நிண்டு லொறிக்கு மூட்டை ஏத்தவா, இந்த இடுப்போட? எழுதிப் பேரெடுக்கிற நீங்க, மூட்டை தூக்கிற இவரா?”

லதுஷா முனாஸின் பக்கம் திரும்பினாள். அவரிடமே சொன்னாள்.

“அடுத்த கப்பலுக்கு என்ர மனிசனை நான் விடமாட்டன். ஏன் வரேல்லை எண்டு சுப்பவைசர் கேட்டா, பொய் சொல்லவும் மாட்டன்.”

முனாஸ் முகத்தை முழுக்கத் திருப்பி நல்ல கண்ணால் அவளைப் பார்த்தார். “அப்ப எழுத்தில எடுத்தத வாயால சொல்லப்போறீங்க. அதுக்கு எழுதியே இருக்கலாமே.” தேத்தண்ணியை அவர் தொடவில்லை.

அடுத்த கப்பல் வந்த அன்று முனாஸ் முழங்கால் ஏலாது என்று சுப்பவைசரிடம் சொல்லிக் கரை வேலை கேட்டார். மேலே யாரைப் போடுவது என்று சுப்பவைசர் கேட்டார். முனாஸே திரும்பி, “றிக்சனப் போடுங்க. அவனுக்குக் கண் நல்லம்” என்றார்.

அன்று பின்னேரமே செட்டுக்குள் கதை பரவிவிட்டது. பொஞ்சாதி எழுதிப் புருசனுக்கு வேலை எடுத்துக்கொடுத்தாளாம். சிந்துஜன் எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னான். “மச்சான், அண்ணியிட்டச் சொல்லி என்னைப் பற்றியும் ஒண்டு எழுதுவி. சுப்பவைசராகிப் பாப்பம்.” எல்லோரும் சிரித்தார்கள். முனாஸ் மட்டும் மூட்டையைக் குனிந்து எடுத்தபடி நின்றார். அவருக்கு இடுப்பு நிமிர நேரமெடுத்தது.

சில நாள் கழித்து முனாஸ் லதுஷாவைத் தொலைபேசியில் அழைத்தார். சலாமோ சுகமோ இல்லை. “கண் விசயத்த இனிப் புத்தகத்தில போடுங்க. லொறிக்கு மூட்டை ஏத்த ரெண்டு கண் வேணுமெண்டு ஒருத்தனும் கேக்கமாட்டான்.”

லதுஷா திரும்ப எழுதினாள். கையை மீண்டும் தோளில் வைத்தாள். அது என்ன செய்தது என்று எழுதினாள். தான் அதைத் தோழமை என்று நினைத்ததையும் எழுதினாள். ‘ஒருநாள் கீழே நிற்பவர்களை நினைத்து அவர் தானாகவே விளிம்பிலிருந்து இறங்கினார்’ என்று முடித்தாள். வாசிக்க நன்றாக இருந்தது.

தாள்களைத் துறைமுக வாசலுக்கு வெளியே இருந்த தேத்தண்ணிக் கடைக்குக் கொண்டுபோய் முனாஸிடம் கொடுத்தாள். அவர் தாளை முகத்தின் வலப்பக்கமாகப் பிடித்து, அவசரமில்லாமல் வாசித்தார்.

“நல்லாரிக்கு. கடைசி மட்டும் பொய்.”

“நீங்கள்தானே நானா சுப்பவைசரிட்டப் போய்ச் சொன்னனீங்கள்?”

“சொன்னன். நீங்க என்ட ஊட்டுக்கு வந்து வெருட்டினதுக்குப் பொறகு சொன்னன். நான் ஆரையும் நினைச்சு எறங்கல்ல. நீங்க எறக்கினீங்க. என்னப் பெரிய மனிசனாக்கி ஒங்கள நீங்க ஒளிச்சிட்டீங்க.”

“நான் செய்தது பிழையெண்டு சொல்றீங்களோ?”

“அது எனக்குத் தெரியா. றிக்சனுக்கு ஒண்டெண்டா நான்தான் அவன்ட ஊட்டுப் படலையில வந்து நிண்டிருப்பன். அதுவும் உண்மதான். ஆனா இது பொய்.” தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலைக்கு எழும்பினார்.

லதுஷா கடையிலேயே உட்கார்ந்து கடைசிப் பகுதியை அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். வெள்ளிக்கிழமை, கதிரை, பஸ்மியா கேட்ட கேள்வி, அதற்குப் பதில் இல்லாமல் தான் சொன்னது, அதனால் றிக்சனுக்குக் கிடைத்த இடம். முன்பிருந்ததைவிடச் சிறியதாக வந்தது. வாசிக்க நன்றாக இல்லை.

வீட்டில் றிக்சன் இம்முறை மூன்றாம் பக்கம் வரைக்கும் வாசித்தான்.

“சுப்பவைசர் இத வாசிச்சா, ரெண்டு வருசமா மறைச்சதுக்கு முழுச் செட்டையும் நிப்பாட்டுவார். என்னையும்தான். யோசிச்சனியா?”

“யோசிச்சனான்.”

“சிந்துஜனிட்டக் கேட்டியா?”

“கேட்டனான். பேரை மாத்தினா வீட்டுக்கு வந்து அடிப்பனெண்டான்.”

அவன் தாள்களைத் திரும்பப் புரட்டினான். இரண்டாம் பக்கத்தில் நின்றான், கடைசிக்குப் போனான்.

“பிழை ஏதும் கிடக்கா?” என்று கேட்டாள்.

“ஒண்டும் பிழையில்லை.” அவன் தாள்களை மேசையில் வைத்தான். “அதுதான் பயமாக் கிடக்கு.”

“அப்ப அனுப்பட்டா?”

மறுநாள் காலை அவன் உரக்கப்பல் வேலைக்குப் புறப்பட்டான். றிக்சன் கையுறையைத் தேடி எடுத்தான். வாசலில் நின்று செருப்பைப் போட்டான்.

“அனுப்பு” என்றான்.