பாதிக் கட்டணத்துக்கு ஒரு ஸார்

பிளம்பருக்கு முதலாளி என்று ஒருவர் இருந்ததே இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அவராகப் போவார், அவராக வருவார். பேச்சு பிடிக்காவிட்டால் அப்புறம் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்.

அவரைத்தான் மனைவி கல்லூரியில் மாதச் சம்பளத்துக்குச் சேரச் சொன்னாள். மகளுக்குப் பள்ளியில் கடைசி வருஷம். கல்லூரிக் கட்டணமோ வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போனது. வங்கிக் கடன் விண்ணப்பம் ஃப்ரிட்ஜ் மேல் கிடந்தது. பிளம்பரின் அண்ணன் மகன் படித்து முடித்து ஏழு வருஷமாகியும் கடன் கட்டுகிறான். கல்யாணப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறான். அதைப் பார்த்த மகள், "கடன் வாங்கித்தான் படிக்கணும்னா எனக்குப் படிப்பே வேண்டாம்பா" என்று சொல்லிவிட்டாள்.

கல்லூரியில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளுக்குப் பாதிக் கட்டணம். மீதியைத் தையலில் சமாளித்துவிடலாம் என்பது மனைவியின் கணக்கு. ஆனால் வேலை நிரந்தரமாக வேண்டும். அதற்கு ஆறு மாதம் கழித்து மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட வேண்டும்.

முதல் நாள் போய்ப் பார்த்தால் மேற்பார்வையாளர் நாற்காலியில் ஒல்லி. பத்து வருஷத்துக்கு முன் இவரிடம் உதவிக்கு இருந்து, இவரே துரத்திவிட்ட ஆள். ஒல்லி இப்போது ஒல்லி இல்லை. சட்டைப் பொத்தான்கள் சிரமப்பட்டன.

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அவனை நான் ஸார்னு கூப்பிடணுமாம்."

"கூப்பிட்டா வாய் வெந்துடுமா? ஆறு மாசம்தானே, பல்லைக் கடிச்சுக்கிட்டு கூப்பிடுங்க" என்றாள் மனைவி.

"பல்லைக் கடிச்சா ஸார்னு வராதுடி. ஸ்ஸுனுதான் வரும்."

மகள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

ஐந்து மாதம் ஓடியது. ஒருநாள் மாணவியர் விடுதியில் குழாய் ஒழுகியது. கோளாறு குழாயில் இல்லை, சுவருக்குள் போகும் பைப்பில்தான் என்று பார்த்தவுடனே தெரிந்தது. சொன்னார். சுவரை உடைத்தால் செலவு, குழாயை மட்டும் மாற்றினால் போதும் என்றான் ஒல்லி. சரிங்க ஸார் என்று மாற்றினார். நாலாம் நாள் சுவர் ஊறி, கீழ் அறைப் பெண்களின் புத்தகமெல்லாம் நனைந்துவிட்டது. வார்டன் இருவரையும் நிற்கவைத்து, இது யார் பார்த்த வேலை என்று கேட்டார். ஒல்லி தரையைப் பார்த்தான்.

"நான்தாங்க. சுவரைப் பாக்காம விட்டுட்டேன்" என்றார் பிளம்பர்.

அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தொழிலில் இப்படி ஒரு பேர் வாங்கினதே இல்லை என்று மட்டும் மனைவியிடம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய்ச் சுவரை உடைத்து, பைப்பை மாற்றி, பூசிவிட்டு வந்தார்.

ஆறாம் மாதக் கடைசியில் ஒல்லி படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தான். பேனாவைத் திறந்தவன் நிறுத்தினான்.

"ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு என்னை ஏன் அனுப்புனீங்க? இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல."

"கையெழுத்தைப் போடுங்க ஸார், சொல்றேன்."

போட்டான். பிளம்பர் படிவத்தை வாங்கி, மை காய ஊதி, நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, பையின் பொத்தானையும் போட்டுக்கொண்டார்.

"நீ அன்னைக்கும் குழாயை மட்டும்தான்டா மாத்தினே."