நல்ல தோற்றம் தேவை

என் மகள் ஜமீலிக்கு மருத்துவப் படிப்பில் கிடைத்த இடத்தை நான்தான் என் இரண்டு கையாலும் கெடுக்கப் பார்த்தேன். எதிரி யாரும் வெளியிலிருந்து வரவில்லை. ஒரு சீப்பு, முடியை நேராக்கும் ஒரு ஸ்ட்ரெய்ட்னர், என் அக்கா மரினால்வாவின் அலமாரியிலிருந்து வந்த ஒரு டப்பா கிரீம், அவ்வளவுதான்.

அக்காவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவளும் நானும் ஒரே அப்பா அம்மாவுக்கு, இதே ஃபெய்ரா ஊரில், இரண்டு வருட இடைவெளியில் பிறந்தவர்கள். அவளுக்கு அப்பாவின் வெளுப்பு, நேர் முடி. நான் அப்படியே அம்மா. எங்கள் பிறப்புச் சான்றிதழில் அவளுக்கு 'வெள்ளை', நெய்டி என்கிற எனக்கு 'கறுப்பு' என்று எழுதிய எழுத்தர் ஒரே ஆள்தான். எங்கள் வீட்டில் யாரும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை.

எனக்குப் பதினெட்டு வயதானபோது கடைத்தெருவில் ஒரு துணிக்கடை விளம்பரம் போட்டது. "விற்பனைப் பெண்கள் தேவை. நல்ல தோற்றம் உள்ளவர்கள் மட்டும்." அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் தெருக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அம்மா இரும்புச் சீப்பை அடுப்பில் காயவைத்து, காது நுனி பொசுங்கும்வரை என் முடியை இழுத்து இழுத்துத் தேய்த்து, முகத்தில் பவுடர் அப்பி அக்காவோடு அனுப்பினாள். இருவருக்கும் ஒரே துணியில் தைத்த சட்டை. முதலாளியம்மா அக்காவைப் பார்த்தாள், கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னாள். என்னைப் பார்த்தாள், "உனக்குச் சமைக்கத் தெரியுமாம்மா?" என்று கேட்டாள். தெரியும் என்று சொல்லித் தொலைத்தேன். முப்பது வருடமாக யார் யாரோ பெற்ற பிள்ளைகளுக்குச் சமைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது ஒரு அரசுப் பள்ளியில்.

ஜமீலி பள்ளிக்கூடத்தில் ஒரு சார்ட் செய்தாள். வெள்ளை, மாநிறம், கறுப்பு என்று மூன்று பத்தி. யாருக்கு எவ்வளவு சம்பளம், யார் எத்தனை வருடம் படிக்கிறார்கள், யார் ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று நாடு முழுக்கவும் உள்ள கணக்கு. இரண்டு வாரம் நூலகத்தில் கிடந்தாள்.

"இதுக்குப் போய் ரெண்டு வாரமா? உங்க பெரியம்மாவையும் என்னையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வெச்சிருந்தா முடிஞ்சு போச்சே," என்றேன்.

"நீ சொன்னா பொலம்புறான்னு சொல்லுவாங்கம்மா. சார்ட்டுன்னா மார்க் போடுவாங்க," என்றாள் அவள்.

நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அக்காவுக்குச் சொந்த வீடு, தனியார் ஆஸ்பத்திரி அட்டை, வாயில் எல்லாப் பல்லும். எனக்கு வாடகை வீடு, அரசு ஆஸ்பத்திரி வரிசை, மூன்று பல் குறைவு. அதற்காக அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அதுதான் பொய். ஆனால் ஜமீலியின் பயிற்சி வகுப்புக்கு மாதம் தவறாமல் பஸ் பாஸ் எடுத்துக் கொடுத்தது அவள்தான். கோபத்தையும் நன்றியையும் ஒரே வயிற்றில் வைத்துக்கொண்டு வாழப் பழகிவிட்டேன்.

ஜமீலி பால் ஊற்றிய காப்பி நிறம். அது அவள் அப்பா விட்டுப்போன ஒரே சொத்து. முடி மட்டும் என்னுடையது, சுருள் சுருளாக, தலைக்குமேல் ஒரு சாண் உயரத்துக்கு நிற்கும். அவளுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. எனக்கு அதைப் பார்த்தாலே கை அரிக்கும்.

கறுப்பர்களுக்கும் மாநிறத்தவருக்குமான இடஒதுக்கீட்டில் அவளுக்கு இடம் கிடைத்தது. மருத்துவம். எங்கள் தெருவிலிருந்து முதல் ஆள். ஆனால் இடத்தைக் கையில் கொடுப்பதற்குமுன் ஒரு குழு முன்னால் போய் நிற்கவேண்டும். ஐந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். கேமரா ஓடும். "நான் மாநிறத்தவள்" என்று ஒரு தாளைப் படிக்கவேண்டும். அவர்கள் முடி, மூக்கு, உதடு, தோல் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். தாத்தா யார், கொள்ளுத்தாத்தா எந்தக் கரும்புத் தோட்டத்தில் அடிமையாகக் கிடந்தார் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். வெள்ளைப் பணக்காரப் பிள்ளைகள் கடற்கரையில் படுத்துக் கறுத்துவிட்டு, இல்லாத கொள்ளுப்பாட்டியைச் சொல்லி இடத்தைத் தட்டிக்கொண்டு போனதால் வந்த ஏற்பாடு அது. கடை வாசலில் காவலாளி உங்களைப் பார்த்து என்ன நினைப்பானோ, அதைத்தான் அவர்களும் பார்க்கிறார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஜமீலி இரண்டு தடவை படித்துக் காட்டியிருந்தாள்.

தெரிந்து என்ன பிரயோஜனம்? முக்கியமான ஐந்து பேர் என் பெண்ணைப் பார்க்கப்போகிறார்கள் என்றதும் என் கை பழைய வேலைக்குத் தானாகப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அவளை நாற்காலியில் உட்காரவைத்தேன். அக்கா கிரீம் டப்பாவும், தன்னுடைய பவுடரும், கை நீளமான வெள்ளைச் சட்டையும் கொண்டுவந்திருந்தாள்.

"அம்மா, எப்பவும் இருக்கற மாதிரிதான் போகணும்," என்றாள் ஜமீலி.

"குளிக்காம வரச் சொன்னாங்களா? தல சீவாம வரச் சொன்னாங்களா? டாக்டராகப் போறவ பஞ்சு மூட்டைய தலைல வெச்சுக்கிட்டுப் போய் நிப்பியா?"

"நல்லா சொல்லுடி," என்றாள் அக்கா. "பார்க்கறவங்களுக்கு ஒரு மரியாத வர வேணாமா?"

ஜமீலி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். என் கண் கலங்கியிருந்தது. ஆனந்தக் கண்ணீர்தான். அதைப் பார்த்துத்தான் விட்டுக்கொடுத்ததாகப் பிறகு சொன்னாள். "சரி, ஆசைக்கு செஞ்சுக்கோ," என்று தலையைக் குனிந்தாள். மூன்று மணி நேரம் கிரீம் தடவி, ஸ்ட்ரெய்ட்னரால் இழுத்தேன். முடி தோளுக்குக் கீழே தொங்கியது. மறுநாள் காலை பவுடர் போட்டு, பல்கலைக்கழக வாசலில் நிற்கவைத்து போட்டோ எடுத்தேன். அவ்வளவு அழகாக இருந்தாள். தெருவில் எல்லாருக்கும் அனுப்பினேன்.

முடிவு புதன்கிழமை வந்தது. பள்ளிச் சமையலறையில் பீன்ஸ் கிண்டிக்கொண்டிருந்தேன். ஜமீலி பின்வாசல் வழியாக வந்து போனை நீட்டினாள். "ஏற்கப்படவில்லை" என்று இருந்தது. மாநிறத்தவருக்கு உரிய தோற்றம் காணப்படவில்லையாம்.

நான் கத்திய கத்தலில் வகுப்பறையிலிருந்து ஒரு டீச்சர் எட்டிப் பார்த்தாள். குருட்டுக் கூட்டம் என்றேன். லஞ்சம் வாங்கியிருப்பார்கள் என்றேன். அவர்களைப் பெற்றவர்களையெல்லாம் இழுத்தேன். ஜமீலி போனைத் திருப்பி வாங்கினாள். நான் எடுத்த போட்டோவைத் திறந்து என் முன்னால் வைத்தாள்.

"அம்மா, இதுல யாரு நிக்கறா?"

பார்த்தேன். கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்ன பெண் நின்றுகொண்டிருந்தாள். இருபது வயசு மரினால்வா, அச்சு அசல். கரண்டி கையிலிருந்து நழுவி பீன்ஸுக்குள் முழுகிவிட்டது. அதை எடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

"நான்தான்டி உன்ன கெடுத்துட்டேன்," என்றேன்.

"நானும்தானே உட்கார்ந்தேன்," என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மேல்முறையீட்டுக்கு வழி இருந்தது. வேறு மூன்று பேர், வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு, மறுபடி நேரில் பார்ப்பார்கள். அதுதான் கடைசி. அன்று சாயங்காலமே முடியை அலசினேன். நனைந்த கயிறு மாதிரி நேராகத் தொங்கியது. காயவைத்தேன். அப்போதும் நேர்தான். மறுபடி அலசினேன். எங்கள் ஊர் ஜூன் மாதக் குளிர்மழை வேறு, துணியும் காயவில்லை, முடியும் காயவில்லை. வெறும் சூடு என்றால் தண்ணீர் பட்டதும் சுருண்டுவிடும் என்று எனக்குத் தெரியும். கிரீம் என்ன செய்யும் என்று தெரியாது. டப்பாவில் பேப்பர்கூட ஒட்டியிருக்கவில்லை.

வியாழன் காலை ஜமீலி கத்தரிக்கோலை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். "ஒட்ட வெட்டிடலாம்மா."

அவளை வெறும் தலையோடு நினைத்துப் பார்த்தேன். அந்த வெளுத்த மண்டையைப் பார்த்து அவர்கள் என்ன முடிவுக்கு வருவார்கள்? கத்தரிக்கோலை எடுத்து என் மடியில் ஒளித்துக்கொண்டேன். அக்காவுக்கு போன் போட்டு, வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன். "உன் டப்பாவால என் புள்ள வாழ்க்க போச்சு. உனக்கு எதுக்குடி அந்த கிரீம், உனக்குத்தான் பொறந்ததுலேருந்தே நேர் முடியாச்சே!"

அவள் போனை வைத்துவிட்டாள். அரை மணி நேரத்தில் வேலைக்குப் போகாமல் வந்து நின்றாள். கையில் ஒரு பொட்டலம் கல்லுப்பு, துணி துவைக்கும் தேங்காய் சோப்பு. "வெந்நீர் வை," என்றாள்.

"என்ன செய்யப்போற?"

"பத்து தடவ அலசினா அந்த கிரீம் விட்டுடும். மாசாமாசம் விட்டுப்போய்த்தானே திரும்பத் திரும்பத் தடவறேன்." அவள் என்னைப் பார்க்காமல் கையை நனைத்து, நெற்றியோரத்து முடியைத் தூக்கிக் காட்டினாள். வேரில் குட்டிக் குட்டியாகச் சுருண்டிருந்தது. "எனக்கும் அம்மா முடிதான்டி கொஞ்சம் வந்திருக்கு. சின்னதுல அம்மா இறுக்கிப் பின்னி மறைச்சுடுவா, கடைல சேர்ந்த முதல் வாரத்துலேருந்து தடவறேன். முதலாளியம்மா கண்ணுல பட்டுடக் கூடாதேன்னு."

முப்பது வருடம் ஒரே ஊரில் இருக்கிறோம். எனக்குத் தெரியாது.

எத்தனை தடவை அலசினோம் என்று எண்ணவில்லை. ஜமீலி வாளியில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "ரெண்டு பேரும் என்ன ஊறுகா போடறீங்களா?" என்று கேட்டாள். சிரிக்கக்கூட எங்களுக்குத் தெம்பில்லை. மதியம் மழை விட்டு வெயில் வந்தது. முற்றத்தில் உட்காரவைத்தோம். இரண்டு மணிக்குப் பிடரியில் ஒரு முடி மெல்லத் தன்னைத்தானே சுருட்டிக்கொண்டது. நான் தொடப்போனேன், அக்கா என் கையில் ஒன்று போட்டாள். அப்புறம் காதோரம், அப்புறம் உச்சி. சாயங்காலத்துக்குள் பஞ்சு மூட்டை திரும்பி வந்துவிட்டது. அதைப் பார்த்து நான் அழுத அழுகை என் அம்மா செத்தபோதுகூட அழவில்லை.

வெள்ளிக்கிழமை நான் ஒரு ஃபைல் நிறையக் குடும்பப் போட்டோக்கள் கொண்டுபோனேன். வாசலில் இருந்தவர், "அதெல்லாம் உள்ள பார்க்கமாட்டாங்கம்மா, புள்ள மட்டும் போகட்டும்," என்றார். ஜமீலி தினமும் போடும் சட்டையில், பவுடர் இல்லாமல் உள்ளே போனாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, வெளியே வந்துவிட்டாள்.

"என்ன கேட்டாங்க?"

"ஒண்ணும் கேக்கல. பார்த்தாங்க. ஒரு அம்மா மட்டும் லேசா சிரிச்ச மாதிரி இருந்துச்சு."

அந்த அம்மா எதற்குச் சிரித்தாள் என்று நான்கு நாள் யோசித்தேன். நல்ல சிரிப்பா, இளக்காரச் சிரிப்பா? ஜமீலியை நூறு தடவை சிரித்துக் காட்டச் சொன்னேன். கடைசியில் அவள் என் முன்னால் சிரிப்பதையே நிறுத்திவிட்டாள்.

ஜூன் மாதத்துப் புனித ஜுவாவ் பண்டிகைக்கு முந்தின நாள், அன்று சாயங்காலமே ஆட்டம் தொடங்கிவிடும். தெருவில் தோரணம் கட்டி, மதியமே வேர்க்கடலை அவித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா சோள மாவு கேக் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். நான் பண்டிகைக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். வேறென்ன, கண்ணாடி முன்னால் நின்று என் முடியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நடந்தும் என் தலையைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை, பாருங்கள். வலது பக்கம் முடிந்து இடது பக்கம் ஆரம்பிக்கப்போகையில் முற்றத்தில் ஜமீலி அலறினாள்.

யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து ஓடினேன். அவள் போனை மார்போடு அணைத்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாள். "ஏத்துக்கிட்டாங்க! அம்மா, ஏத்துக்கிட்டாங்க!"

எப்படித் தெருவுக்கு வந்தேன் என்று தெரியவில்லை. நடுத்தெருவில் நின்று, "என் பொண்ணு டாக்டர்! என் பொண்ணு டாக்டர்!" என்று கத்தினேன். நெஞ்சில் ஒரு வாரமாக உட்கார்ந்திருந்த கல் எங்கே போனதென்று தெரியவில்லை, காலே தரையில் பாவவில்லை. கடலை அவித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு செவெரீனோ கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "நெய்டி, சந்தோஷம்! அது சரி, உன் தலைல பாதிய எங்க வெச்சுட்டு வந்த?"

தொட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் நேராகத் தொங்கியது. இன்னொரு பக்கம் கிளம்பி நின்றது. தெருவே சிரித்தது. நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன்.

வீட்டுக்குள் கருகல் வாடை அடித்தது. ஸ்ட்ரெய்ட்னரை மேசைவிரிப்பின்மேல் போட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். பூப்போட்ட துணியில் நீளமாக ஒரு கறுப்புத் தடம். அக்கா ஒயரைப் பிடுங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வா, மீதிப் பாதியையும் தேச்சு விடறேன். சாயங்காலம் ஆட்டத்துக்கு இப்படியேவா வருவ?" என்றாள்.

"வேணாம். தேச்ச பாதியத்தான் அலசணும்."

முற்றத்துக் குழாயடியில் குனிந்தேன். ஜமீலி மொண்டு மொண்டு ஊற்றினாள். ஜூன் மாதத் தண்ணீர், சில்லென்று இருந்தது. நான் நிமிர்ந்து தலையை உதறியபோது அக்கா அங்கேயே நின்றிருந்தாள், நெற்றியோரத்தை விரலால் தடவிக்கொண்டே. அப்புறம் தோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் குழாயடியில் குனிந்தாள்.

"எனக்கும் ஊத்துடி கண்ணு," என்றாள்.